குமரிக்கண்டமும் ஒரு புராணமே

நமது கூட்டங்களில் பேச வரும் தோழர்களில் சிலர், இராமாயணத்தையும் பாரதத்தையும் பெரிய புராணத்தையும் ஒரு மணி நேரம் கிழித்துக் காட்டிவிட்டு, முடிவில், "குமரி முனைக்குத் தெற்கே ஆயிரக்கணக்கான மைல் நீளத்தில் ஒரு கண்டம் இருந்தது; அங்கேதான் உலகத்தின் முதல் மனிதன் தோன்றினான்; அவன் பேசியது தமிழ்; அக்கண்டத்தைக் கடல் விழுங்கிவிட்டது" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக் கொண்டு இறங்குவதைப் பார்க்கின்றோம். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி பக்கத்துத் தொழிலாளத் தோழர்களும் மாணவத் தோழர்களும் நிறைந்த கூட்டங்களில், மூட நம்பிக்கையைக் கண்டித்ததற்கு விழுகின்ற கைதட்டலைவிட இந்தக் கண்டத்திற்கு விழுகின்ற கைதட்டல் பெரிதாயிருக்கின்றது. ஆதலால் இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தைச் சிறிதும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டியது நமது கடமை என்று கருதுகின்றோம்.

நமது அபிப்பிராயம் இதுதான். குமரிக்கண்டம் என்பதும் ஒரு புராணமே. புராணம் சமஸ்கிருதத்தில் இருந்தால் புரட்டு என்றும், தமிழில் இருந்தால் வரலாறு என்றும் சொல்லுவதற்குச் சுயமரியாதைக்காரனுக்கு யாதொரு உரிமையும் கிடையாது. பிறத்தியார் வீட்டுக் கணக்கைப் பார்க்கும்போது ஒரு படியும், நம் வீட்டுக் கணக்கைப் பார்க்கும்போது வேறொரு படியும் வைத்துக் கொண்டு அளக்கிறவனை ஊரார் என்ன பேரிட்டு அழைப்பார்களோ, அதே பேர்தான் நமக்கும் கிடைக்கும்.

இப்படிச் சொன்னவுடன் சில தோழர்களுக்குக் கோபம் வரலாம். கோபத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இதே மாதிரிக் கதை வேறொரு தேசத்தில் எப்படிப் பிறந்தது, அதை அங்குள்ள அறிவாளிகள் எப்படிச் சோதித்தார்கள் என்பதை முதலில் பார்ப்போம்.

கிரேக்க தேசத்தில் பிளேட்டோ என்கின்ற அறிஞர் கி.மு. 360 வாக்கில் 'திமாயுஸ்', 'கிரிட்டியாஸ்' என்னும் இரண்டு நூல்களில் அட்லாண்டிஸ் என்ற ஒரு தீவைப் பற்றி எழுதினார். மத்தியதரைக் கடலின் வாயிலுக்கு அப்பால், பெரிய சமுத்திரத்தில், லிபியாவும் ஆசியாவும் சேர்ந்தாலும் ஈடாகாத அளவுக்கு ஒரு தீவு இருந்ததாம். கடற் கடவுளாகிய பொசைடன் ஒரு மானிடப் பெண்ணிடம் ஐந்து முறை இரட்டைப் பிள்ளைகளாகப் பெற்ற பத்து ஆண் மக்களுக்கு அதைப் பங்கிட்டுக் கொடுத்தானாம். பொன்னும் வெள்ளியும் கொழித்த அந்நாட்டார் ஆணவம் கொண்டு ஏதென்ஸ் நகரத்தின் மேல் படையெடுத்துத் தோற்றார்களாம். பிறகு ஒரே பகலிலும் ஒரே இரவிலும் தீவு முழுவதும் கடலுக்குள் போய்விட்டதாம். இது சோலோன் என்பவருடைய காலத்திற்கு 9000 ஆண்டுகளுக்கு முன் நடந்ததென்றும், எகிப்து தேசத்துக் கோயிற் பூசாரிகள் சோலோனுக்குச் சொன்னதென்றும் பிளேட்டோ எழுதினார். கடவுளும் பூசாரியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளும் ஒன்று சேர்ந்திருக்கிற இடத்தில் என்ன இருக்குமென்பது நமது வாசகர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனாலும் ஆராய்ச்சிக்காரர்கள் இக்கதையை வெறுமனே சிரித்துத் தள்ளிவிடவில்லை. இக்கதைக்கு விதையாயிருந்திருக்கக் கூடிய உண்மைச் சம்பவம் ஏதாவது உண்டா என்று தேடினார்கள். கிரீட் தீவில் 1900-த்தில் ஆர்தர் எவான்ஸ் தோண்டத் தொடங்கி, கிரேக்கர்களுக்கு முந்திய ஒரு பெரிய நாகரிகத்தை வெளியே கொண்டுவந்தார். அதைப் பார்த்து, பிளேட்டோ சொன்னது இந்நாகரிகத்தின் மங்கிய நினைவாக இருக்கலாம் என்று 1909-ல் கே. டி. ஃபிராஸ்ட் என்பவர் எழுதினார். கிரீட்டுக்கு வடக்கே தேரா என்ற தீவில் ஓர் எரிமலை உண்டு. இன்றைக்குச் சுமார் 3600 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்துத் தீவின் நடுப்பகுதி கடலுக்குள் இறங்கிவிட்டது. அங்கே அக்ரோத்திரி என்னுமிடத்தில் 1967 முதல் மரினாட்டோஸ் தோண்டிப் பார்த்தபோது, இரண்டு மூன்று மாடி வீடுகளும், சுவர்ச் சித்திரங்களும், சாக்கடைக் கால்வாய்களும் எரிமலைச் சாம்பலுக்கடியில் அப்படியே இருந்தன.

அவ்வளவு பழைய காலத்துக்குப் போகாமலே வேறு சம்பவங்களும் கிடைக்கின்றன. கி.மு. 426-ல் கிரேக்கக் கரையை ஒரு பேரலை தாக்கி, அட்டலாண்டா என்ற சிறு தீவில் ஏதென்ஸ்காரர்கள் கட்டிய கோட்டையின் ஒரு பகுதியை இடித்துக் கொண்டு போனதைத் துசிடிடீஸ் என்ற சரித்திரக்காரர் எழுதியிருக்கின்றார். கி.மு. 373-ல், பிளேட்டோ உயிரோடிருந்த காலத்திலேயே, ஹெலிகே என்ற கிரேக்க நகரம் பூகம்பத்தாலும் கடலாலும் ஒரே இரவில் அழிந்து போயிற்று. அந்நகரம் பொசைடன் கோயிலுக்குப் பேர் போன ஊர் என்பது கவனிக்கத்தக்கது. அதன் மிச்சங்களை 2001-ல் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தது கடலுக்கடியில் அல்ல. கரைக்கு உள்ளே, வண்டல் மண்ணுக்கடியில்.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? எரிமலை வெடித்தது வாஸ்தவம். பேரலை வந்தது வாஸ்தவம். நகரம் மூழ்கியது வாஸ்தவம். இந்த நினைவுகளை எடுத்துக் கொண்டு, ஆணவம் கொண்ட அரசு அழியும் என்கின்ற பாடத்தைத் தன் ஊராருக்குப் போதிக்க பிளேட்டோ ஒரு கண்டத்தைக் கட்டினார் என்று கொள்ளுவதுதான் அறிவுக்குப் பொருந்துகிறது. தேரா வெடித்த பிறகும் கிரீட் நாகரிகம் நூறு வருஷத்துக்கு மேல் நடந்திருக்கின்றது. ஆகவே அந்த எரிமலைகூட அட்லாண்டிஸ் ஆகிவிடாது. விதை வேறு, அதிலிருந்து கவி வளர்த்த மரம் வேறு. விதை இருந்தது என்பதற்காக மரத்தில் பழுத்ததாகச் சொல்லப்பட்ட பொன் மாம்பழத்தையும் நம்ப வேண்டுமென்று எந்த அறிவாளியும் சொல்லமாட்டான். ஆனால் 1882-ல் டோனலி என்ற அமெரிக்க அரசியல்வாதி ஒரு புத்தகம் எழுதி, உலக நாகரிகம் முழுதும் அட்லாண்டிசிலிருந்துதான் வந்ததென்று சாதித்தார். அன்று முதல் அக்கதைக்குப் பக்தர்கள் குறையவேயில்லை.

நிற்க, நம் கதைக்கு வருவோம்.

முச்சங்கக் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது இறையனார் அகப்பொருள் உரை. இது கி.பி. 8-ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுத்துருவம் பெற்றதாக ஆராய்ச்சிக்காரர்களில் பலர் கருதுகின்றார்கள். கடல் கொண்ட தென்மதுரையில் தலைச்சங்கம் 4440 ஆண்டும், கபாடபுரத்தில் இடைச்சங்கம் 3700 ஆண்டும், இன்றைய மதுரையில் கடைச்சங்கம் 1850 ஆண்டும் நடந்ததாக அந்த உரை கூறுகின்றது. தலைச்சங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் யாரென்று கேட்டால், திரிபுரத்தை எரித்த சிவன், குன்றத்தை எறிந்த முருகன், நிதிக்கு அதிபதியான குபேரன், அகத்தியர் என்று பட்டியல் போகின்றது. தோழர்களே! சிவன் திரிபுரத்தை எரித்த கதையை மேடையில் கேலி செய்துவிட்டு, அதே சிவன் அங்கத்தினராயிருந்த சபையை மட்டும் சரித்திரமென்று நம்புவது எப்படி? சிவன் பொய்யானால் அவன் உட்கார்ந்த நாற்காலி மட்டும் மெய்யாகிவிடுமா?

கடவுளை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் பார்க்கலாமென்றாலும் சங்கதி சரிப்படவில்லை. தலைச்சங்கத்தை 89 அரசர்கள் நடத்தினார்களாம்; 4440-ஐ 89-ஆல் வகுத்தால் அரசன் ஒருவனுக்குச் சராசரி 50 வருஷ ஆட்சி வருகின்றது. இடைச்சங்கத்தை 59 அரசர்கள் நடத்தினார்களாம். 3700-ஐ 59-ஆல் வகுத்தால் சராசரி 63 வருஷம் வருகின்றது. ஒருவர் இருவர் அவ்வளவு காலம் ஆண்டிருக்கலாம். தொடர்ந்து 59 பேரும் ஆண்டார்களென்றால் நம்ப முடியுமா? இடைச்சங்கம் 3700 ஆண்டு, அதில் பாடிய புலவர்களும் 3700 பேர். ஆக, வருஷத்துக்கொரு புலவர் கணக்குத் தவறாமல் முளைத்திருக்கின்றார். அன்றியும் 4440, 3700, 1850 ஆகிய மூன்று எண்களும் 37 என்ற எண்ணால் மிச்சமில்லாமல் வகுபடுகின்றன. 120 மடங்கு, 100 மடங்கு, 50 மடங்கு. மனிதர் வாழ்ந்து செத்த காலக்கணக்கு இவ்வளவு ஒழுங்காக வருமா, அல்லது ஒருவர் உட்கார்ந்து போட்ட கணக்கு இப்படி வருமா என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ள வேண்டும்.

நிலத்தின் அளவும் இப்படித்தான். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே 700 காவதம் தூரம் இருந்ததாகவும், அதில் ஏழேழாக 49 நாடுகள் இருந்ததாகவும் எழுதுகின்றார். காவதம் என்பது சுமார் 10 மைல் என்று அகராதி சொல்லுகின்றது. அப்படியானால் 7000 மைல் ஆகின்றது. கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்கே தென்துருவம் வரையில் சுமார் 6800 மைல்தான். ஆகவே நமது பாண்டிய நாடு தென்துருவத்தைத் தாண்டி மறுபக்கம் இருநூறு மைல் ஏறிப் போயிருக்க வேண்டும்! கிரேக்கன் தன் தீவு லிபியாவையும் ஆசியாவையும் விடப் பெரிது என்றான். நம்மவர் துருவத்தையே தாண்டிவிட்டார். இதில் யார் குறைந்தவர்?

ஆனால் கிரேக்கக் கதையில் நாம் செய்தது போலவே இங்கும் விதையைத் தேட வேண்டியது நியாயம். கடல் நிலத்தைக் கொண்டது என்கின்ற நினைவு கலித்தொகையிலும் சிலப்பதிகாரத்திலும் இருக்கின்றது. இந்நினைவு முழுப்பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்குச் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், இன்றைக்கு இருப்பதைவிட மிக அதிகமான தண்ணீர் பனியாக உறைந்திருந்த காலத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இலங்கையும் தமிழ்நாடும் ஒரே நிலம். மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற கரையோரப் பகுதி தரை. குமரி முனைக்குத் தெற்கே 'வாட்ஜ் திட்டு' என்று மீன்பிடிப்போர் அறிந்திருக்கும் ஆழமற்ற பகுதியும் தரை. பனி உருக உருக, பல்லாயிரம் வருஷங்களில் கடல் மெள்ள மெள்ள ஏறி, சுமார் 7000 ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய இன்றைய நிலைக்கு வந்தது. போனது கரையோரத்து நிலம். பல மைல் அகலமும் உண்டு. அதற்கப்பால் கடல் ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றது. அங்கே மூழ்கிய கண்டம் யாதொன்றும் கிடையாது.

மெள்ள ஏறிய கடல் ஒருபுறமிருக்க, ஒரே இரவில் ஏறிய கடலையும் நாம் அறிவோம். 1964 டிசம்பர் 22 இரவில் புயலும் அலையும் தனுஷ்கோடி ஊரையும், அதற்குள் போய்க் கொண்டிருந்த ரயிலையும், அதிலிருந்த ஜனங்களையும் கொண்டு போயின. 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் முதலிய கரைகளில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. நமது கண் முன்னே நடந்த சங்கதிகள் இவை. 2000 வருஷத்துக்கு முன் ஒரு துறைமுகத்துக்கு இப்படி ஒரு கதி நேர்ந்திருந்தால், ஒரு தலைமுறை அதை அழுதுகொண்டு சொல்லியிருக்கும். பத்தாவது தலைமுறை அதைப் பாட்டாக்கியிருக்கும். முப்பதாவது தலைமுறை உரைக்காரர் அதை 700 காவதமாக்கியிருப்பார். இவ்வளவுதான் நமக்குத் தெரிகின்ற விதை. இது சிறிய விதையானாலும் மெய்யான விதை.

இனி 'லெமூரியா' என்ற பேரைச் சொல்லி, "மேல்நாட்டு விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டார்கள்" என்று சிலர் வாதிக்கிறார்களே, அதைப் பார்ப்போம். 1864-ல் ஸ்கிலேட்டர் என்ற ஆங்கிலேய உயிர்நூலார், லெமூர் என்கிற குரங்கு வகைப் பிராணி மடகாஸ்கரில் இருப்பதையும், அதற்கு உறவான பிராணிகள் இந்தியாவில் இருப்பதையும் கண்டு, நடுவில் ஒரு நிலம் இருந்திருக்க வேண்டுமென்று ஊகித்து அதற்கு லெமூரியா என்று பேர் வைத்தார். பேர் வைத்தது பிராணிக்காக, தமிழனுக்காக அல்ல. ஹெக்கல் என்ற ஜெர்மானியர், மனிதன் தோன்றிய இடமும் அதுவாக இருக்கலாம் என்று ஒரு ஊகத்தின் மேல் இன்னொரு ஊகத்தை அடுக்கினார். பிறகு 1888-ல் பிளாவட்ஸ்கி அம்மையார் ஒரு பெரிய புத்தகம் எழுதி, மனிதர்களின் 'மூன்றாவது மூல இனம்' லெமூரியாவில் வாழ்ந்ததாக ஞான திருஷ்டியில் கண்டு சொன்னார். அந்த அம்மையாரின் பிரம்மஞான சபைக்குத் தலைமையிடம் 1882 முதல் நமது அடையாற்றிலேயே இருந்து வருவதால், கதை கப்பலேற வேண்டிய அவசியமில்லாமல் வந்து சேர்ந்துவிட்டது.

விஞ்ஞானிகள் மட்டும் தங்கள் ஊகத்தைக் கட்டிக் கொண்டு அழவில்லை. 1912-ல் வெகெனர் என்பவர், கண்டங்கள் மூழ்குவதில்லை, நகருகின்றன என்று சொன்னார். முதலில் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். 1960-களில் கடலடித் தரையை அளந்து பார்த்த பிறகு, அவர் சொன்னதன் சாரத்தை ஒப்புக்கொண்டு லெமூரியாவைக் கைவிட்டார்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் ஆப்பிரிக்காவும் தென்துருவக் கண்டமும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த நிலம்தான். மடகாஸ்கரை விட்டு இந்தியா பிரிந்து சுமார் 9 கோடி வருஷம் ஆகின்றது. அப்போது தமிழனும் இல்லை, ஆரியனும் இல்லை, மனிதனே இல்லை. மொரிஷியஸ் தீவுப் பாறையில் 300 கோடி வருஷத்துப் படிகத் துணுக்குகள் கிடைத்ததாக 2017-ல் ஆராய்ச்சிக்காரர்கள் எழுதியவுடன், "குமரிக்கண்டம் கிடைத்துவிட்டது" என்று இங்கே குதித்தவர்கள் உண்டு. அவர்கள் அந்த வருஷக் கணக்கையாவது ஒரு தடவை படித்திருக்கலாம்.

அந்தப் பழைய ஒட்டு நிலத்தின் சாட்சியத்தைப் பார்க்க நாம் கடலுக்குள் முங்க வேண்டியதில்லை. பூவிருந்தவல்லியிலிருந்து பெங்களூர் சாலையில் கொஞ்ச தூரம் போனால் வருகின்ற ஸ்ரீபெரும்புதூரின் பேராலேயே பூதத்துவ நூலில் ஒரு மண்படுகைக்குப் பேர் வைத்திருக்கின்றார்கள். அதில் பத்துக் கோடி வருஷத்துக்கு மேற்பட்ட செடிகளின் இலை அச்சுகளும் கடற்பிராணிகளின் ஓடுகளும் கிடைக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் பிறந்த ஊர் என்று மட்டும் நமது பிள்ளைகளுக்குத் தெரிகின்றது. அந்த ஊர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் வந்து போயிருக்கின்றது என்பதை யார் சொல்லிக் கொடுக்கின்றார்கள்?

தமிழர்களுக்கு இக்கதையில் ஆசை ஏன் உண்டாயிற்று என்பது நமக்குத் தெரியாததல்ல. தமிழுக்குத் தாய் சமஸ்கிருதம் என்றும், தமிழனுக்கு நாகரிகம் கற்றுக் கொடுத்தவன் ஆரியன் என்றும் நூற்றாண்டுக் கணக்கில் தலையில் குட்டிச் சொல்லப்பட்டவனுக்கு, "நீ எல்லோருக்கும் மூத்தவன்" என்று ஒருவர் சொன்னால் அது மருந்து போல் இனிக்கத்தான் செய்யும். 1856-ல் கால்டுவெல் மொழியாராய்ச்சி மூலம் தமிழின் தனித்தன்மையை நிலைநாட்டினார். 1924-ல் சிந்து வெளி நாகரிகம் வெளியாயிற்று. ஆனாலும் கையில் தொட்டுக் காட்டக் கூடிய மண் சாட்சியம் தமிழ்நாட்டில் அன்று மிகக் குறைவாகவே இருந்தது. அந்தக் குறையை ஒரு கண்டத்தைக் கொண்டு நிரப்பினார்கள். பாடப் புத்தகங்களில் சேர்த்தார்கள். 1981-ல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் இதை ஒரு படமாகவே காட்டினார்கள். முன்னோர் அவமானத்திலிருந்து தப்பப் பிடித்த கொம்பு அது என்று நாம் மன்னிக்கலாம். ஆனால் தரையில் கால் ஊன்றிய பிறகும் கொம்பை விடமாட்டேன் என்று தொங்குவது புத்திசாலித்தனமா?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'குமரிகண்டம்' என்ற பேர் வருகின்ற பழைய நூல்களில் ஒன்று கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம். அதன்படி, வேதம் ஓதும் அந்தணர் வாழ்ந்து சிவபூசை நடக்கின்ற புண்ணிய பூமிதான் குமரிகண்டம். மற்றக் கண்டங்களெல்லாம் மிலேச்சர் வாழும் இடங்கள். பார்ப்பனீயத்தை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் போய்க் குடியேறத் தேர்ந்தெடுத்த இடம் எப்படிப்பட்டது பார்த்தீர்களா?

"போகட்டுமே, பொய்யானாலும் தமிழனுக்கு ஊக்கம் தருகின்றதே, அதை ஏன் கெடுக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். கோயிற்காரனும் இதைத்தானே சொல்லுகின்றான்? "கடவுள் பொய்யானாலும் ஏழைக்கு ஆறுதல் தருகின்றதே" என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அன்றியும் இப்பொய் நமக்கு ஊக்கத்தைவிட நஷ்டத்தையே அதிகம் தருகின்றது. 2007-ல் சேது சமுத்திரத் திட்டத்தை நிறுத்த, "அது இராமர் கட்டிய பாலம்" என்று சொன்னபோது நாம் என்ன கேட்டோம்? "ஆதாரம் எங்கே? அளந்த கணக்கு எங்கே? இராமாயணம் ஆதாரமாகுமா?" என்று கேட்டோம். கேட்டது நியாயமே. இன்று ஒருவன் திரும்பி, "குமரிக்கண்டத்துக்கு உரைக்காரர் ஆதாரமாகும்போது சேதுவுக்கு வால்மீகி ஏன் ஆகக்கூடாது?" என்று கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கின்றது?

இன்னும் கேளுங்கள். கீழடியில் தோண்டியெடுத்த பொருள்களைச் சோதித்து, அங்குள்ள குடியிருப்பு கி.மு. 6-ஆம் நூற்றாண்டுக்குப் போகின்றதென்று தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்டது. சிவகளை முதலிய இடங்களில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு, இங்கே இரும்பின் காலம் கி.மு. நாலாவது ஆயிரத்தாண்டுக்குப் போவதாக 2025 ஜனவரியில் வெளியிட்டது. கீழடியில் முதலில் தோண்டிய அமர்நாத் ராமகிருஷ்ணன் 2023-ல் கொடுத்த அறிக்கையை, திருத்தம் வேண்டுமென்று 2025-ல் மத்திய தொல்லியல் துறை திருப்பியனுப்பிற்று. இந்த வழக்கில் நமது கையில் இருக்கும் ஆயுதம் ஒன்றே ஒன்றுதான். மண்ணடுக்கும், கரியும், பானை ஓடும், சோதனைச்சாலைக் கணக்கும் சேர்ந்த பிரத்தியட்ச ஆதாரமே அது. யார் வேண்டுமானாலும் வந்து மறுபடி சோதிக்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடிய ஆதாரம். இந்த நல்ல நாணயத்தோடு குமரிக்கண்டம் என்ற செல்லாக் காசைக் கலந்து ஒரே முடிச்சாகக் கட்டிக் கொண்டு போனால், கடைக்காரன் முடிச்சு முழுவதையுமே தள்ளிவிடுவான். தள்ளக் காத்திருக்கிறவனுக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுப்பதா?

இனி, நமது மேற்குப் புறநகர்த் தோழர்கள் தங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருப்பதைப் பார்க்க வேண்டுகின்றோம். 1863 மே 30-ந் தேதி, பூதத்துவ இலாகா உத்தியோகஸ்தராயிருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் சரளை தோண்டிய பள்ளத்தில் ஒரு கற்கருவியை எடுத்தார். அதே வருஷம் செப்டம்பரில், கொசஸ்தலையாற்றுப் பக்கம் அதிரம்பாக்கம் என்ற கிராமத்தின் ஓடையில் அப்படிப்பட்ட கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. உலகம் படைக்கப்பட்டு ஆறாயிரம் வருஷந்தான் ஆயிற்றென்று பாதிரிமார் சொல்லிக் கொண்டிருந்த காலம் அது. அந்தப் புராணத்தை உடைத்த கற்களில் நமது செங்கற்பட்டு ஜில்லாக் கற்களும் சேர்ந்தவை.

பிறகு 1999 முதல் சாந்தி பப்பு அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் அதிரம்பாக்கத்தில் முறைப்படி தோண்டினார்கள். வெளியிலிருக்கும் கல்லில் வானக் கதிர்கள் பட்டு இரண்டு வகை அணுக்கள் உண்டாகின்றன. கல் மண்ணுக்குள் புதைந்ததும் அவை வேறு வேறு வேகத்தில் தேய்கின்றன. மிச்சத்தை அளந்தால் புதைந்த காலம் தெரியும். இவ்விதம் அளந்து, அடி மண்ணிலுள்ள கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை உள்ளவை என்று 2011-ல் வெளியிட்டார்கள். மேல் அடுக்கில், கல்லைச் சிறு சில்லுகளாகப் பெயர்த்துச் செய்யும் நுட்பமான முறை 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதென்று 2018-ல் வெளியிட்டார்கள். இவை உலகத்து விஞ்ஞானிகள் படித்துக் குறுக்கு விசாரணை செய்யும் பத்திரிகைகளில் வந்தவை. 9000 என்றும் 9990 என்றும் ஆண்டுக்கணக்குச் சொல்லிப் பெருமைப்பட்ட கிரேக்கக் கதையும் நம் கதையும் இந்த 15 லட்சத்துக்கு முன்னால் எவ்வளவு சின்னக் கதைகள்!

ஆனால் இங்கும் ஒரு எச்சரிக்கை செய்கின்றோம். அதிரம்பாக்கத்துக் கோடரியைச் செய்தவன் தமிழன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அவன் நம்மைப் போன்ற மனித வகையே அல்லன். நம்முடைய மனித வகை ஆப்பிரிக்காவில் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுதான் ஆகின்றது. அவனுக்குத் தமிழும் தெரியாது, சமஸ்கிருதமும் தெரியாது. அவன் எந்தச் சாதி? எந்தக் கோத்திரம்? பிரம்மாவின் முகத்தில் பிறந்தவனா, காலில் பிறந்தவனா? ஒன்றும் இல்லை. அவனுக்கு இருந்தது கையும், கையை நடத்துகின்ற அறிவும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத்து ஓட்டுகிற தோழர் ஒருவர் அந்தக் கைக்கோடரியைப் பார்த்தால், இரண்டு பக்கமும் சமமாக வரும்படி எத்தனை தட்டு, எந்தக் கோணத்தில் தட்டியிருக்க வேண்டுமென்று உடனே மதிப்பிட்டுவிடுவார். வேலை செய்கின்ற கை இழிவென்று சொன்ன தர்மமெல்லாம் நேற்று வந்தவை. வேலை செய்த கைதான் இந்த மண்ணில் எல்லாவற்றுக்கும் மூத்தது. இதைவிடப் பெரிய சுயமரியாதைப் பாடம் எந்தக் கண்டத்திலிருந்து வரவேண்டும்?

ஆகவே நாம் சொல்லுவது சுருக்கமானது. குமரிக்கண்டத்தை இலக்கியக் கதையாகப் படிக்கலாம். அதிலுள்ள கடல்கோள் நினைவை ஆராயலாம். கிரேக்கர் கதையோடு வைத்து ஒப்பிடலாம். சரித்திரமென்று பிள்ளைகளுக்குப் போதிக்கக் கூடாது. நமது மேடையில் பேசவும் கூடாது. அம்பத்தூர், ஆவடியிலிருந்து திருவள்ளூர் வரையில் ரயிலில் போய், அங்கிருந்து பூண்டிக்குப் பஸ் ஏறினால், ஏரிக்கருகில் 1985 முதல் அரசு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கின்றது. திருப்பதிக்கும் பெரியபாளையத்துக்கும் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றைப் பிள்ளைகளுக்காக இங்கே செலவிடுங்கள். பூண்டித் தண்ணீர்தான் கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கத்துக்கும் புழலுக்கும் வந்து பட்டணத்தார் தாகத்தைத் தீர்க்கின்றது. தண்ணீர் குடிக்கின்றவர்களுக்கு அந்த ஆறு எத்தனை லட்சம் வருஷத்துச் சாட்சியம் வைத்திருக்கின்றது என்பதும் தெரிய வேண்டாமா?

நகரம் மேற்கே மேற்கே வளர்ந்து கொண்டு வருகின்றது. மனை போடவும் சாலை போடவும் செம்மண்ணும் சரளையும் லாரி லாரியாக வெட்டிப் போகும்போது, அதில் என்ன போகின்றதென்று பார்க்கிறவர்கள் இல்லை. இல்லாத கண்டம் கடலில் மூழ்கியதற்காக நூறு வருஷமாக அழுது வந்திருக்கின்றோம். இருக்கின்ற சாட்சியம் நம் கண்ணெதிரே லாரியில் ஏறிப் போவதற்கு ஒரு தீர்மானமாவது போட்டிருக்கின்றோமா? திருவள்ளூர் ஜில்லாவில் கற்கருவி கிடைக்கும் இடங்களை எல்லை குறித்துக் காப்பாற்ற வேண்டுமென்றும், இப்பகுதிப் பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றும் வருஷத்துக்கொரு முறை பிள்ளைகளைப் பூண்டிக்கு அழைத்துப் போக வேண்டுமென்றும், அடுத்து நடக்கும் கூட்டங்களிலேயே தோழர்கள் தீர்மானம் செய்து அரசாங்கத்துக்கு அனுப்பும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம்.